மலையிலிருந்து இறங்கிய செய்தி

பழைய பத்திரிகைகளைக் கொண்டு வரலாறு எழுதப் புகுவோருக்கு இயல்பாகவே ஒரு மயக்கம் ஏற்படுவதுண்டு. கண்ணாடியில் முகம் தெரிவது போலப் பத்திரிகையில் அதன் காலம் தெரியும் என்பதே அம்மயக்கமாகும். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானியாவுக்கு எதிராக ஆயுதம் ஏந்துமுன் பத்தாண்டுக் காலம் பொஸ்ரன் நகரத்துப் பத்திரிகைகள் வரிகளைக் குறித்துக் கொதித்துக் கொண்டிருந்தன. வங்கப் பிரிவினையை அடுத்த ஆண்டுகளில் பாரதியாரின் 'இந்தியா'வும் திலகரின் 'கேசரி'யும் பேசிய பேச்சில், பின்னர் வரவிருந்த போராட்டங்களின் ஓசை முன்கூட்டியே கேட்டது. அவ்விடங்களில் பத்திரிகையை எழுதியோரும், படித்தோரும், குமுறலுக்கு உரியோரும் ஏறக்குறைய ஒரே மக்களாயிருந்தனர். எனவே மக்களின் மனநிலை அவற்றிற் புலப்பட்டதில் வியப்பில்லை. இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியாவையும் ஹற்றனையும் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், நிலைமை வேறு. அங்கே பத்திரிகை படித்தவர் பங்களாவில் இருந்தார். குமுறல் லயத்தில் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையிற் கிடந்த தூரத்தைக் கருத்திற் கொள்ளாது அக்காலத் தாள்களைப் புரட்டுபவர், அவற்றிற் காணப்படும் அமைதியை மலையின் அமைதி என்றே எண்ணிவிடக் கூடும்.

மலைநாட்டில் ஆங்கில ஆட்சிக்கு எதிராக ஆயுதந்தாங்கிய பெரிய எழுச்சிகளுள் கடைசியானது 1848ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதியில் மூண்டது. தேயிலைக்கு முன்பு கோப்பி மலைகளை ஆண்ட காலம் அது. துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வீதி அமைப்பதற்கு ஆண்டில் ஆறு நாள் உழைப்பு அல்லது அதற்கு ஈடான பணம் என்று தேசாதிபதி தொரிங்ரன் சுமத்தியவற்றைக் கண்டிச் சிங்களக் குடியானவர் எதிர்த்தெழுந்தனர். எழுச்சிக்குச் சில வாரங்களுக்கு முன், அவ்வாண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில், 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகையில் 'ஓர் ஆங்கிலேயன்' என்ற பெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. புதிய வரிகளை எதிர்க்குமாறு அது மக்களைத் தூண்டியது. எழுதியவர் அப்பத்திரிகையை நடத்திய கிறிஸ்தோபர் எலியற் என்னும் ஐரிஷ் வைத்தியர் ஆவார். கலகம் அடக்கப்பட்டு, புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியிற் சுடப்பட்ட பின்னர், ஆட்சியாளர் பழியில் ஒரு பங்கை அக்கடிதத்தின் மீதும் சுமத்தினர். எழுச்சிக்கு முந்திய பதற்றத்தைக் காலனித்துவப் பத்திரிகையொன்று காட்டி நின்றமைக்கு மலைநாட்டு வரலாற்றில் இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆயினும் ஈண்டு நோக்கத்தக்க செய்தியொன்று உண்டு. அக்கடிதம் விளித்த மக்களுள், அதே ஆண்டில் அதே மலைகளிற் கோப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்த தமிழர் இடம்பெறவில்லை. அவர்கள் அடுத்த ஆண்டில் ஓர் எண்ணாக அப்பத்திரிகைக்குள் வந்தனர். 1840களில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோருள் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது நால்வருள் ஒருவர், மாண்டனர் என்று 1849இல் அது மதிப்பிட்டது. அக்கணக்கை அச்சேற்றியதற்குத் துணிவு வேண்டும், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் மாத்தளை எழுச்சியில் ஈடுபட்டோருக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, முறைப்பாடு இருந்தது. காட்டுவழியிலும் கோப்பிக் காட்டிலும் விழுந்தவருக்குத் தொகை மட்டுமே இருந்தது.

எலியற் 1859இல் அப்பத்திரிகையை ஏ. எம். பேர்குசனிடம் விற்றார். அதன்பின் அது தோட்ட உடைமையாளரின் உற்ற தோழனாயிற்று. பேர்குசன் குடும்பம் வெளியிட்டுவந்த 'டிரெக்டரி' தோட்டங்களின் பெயர், பரப்பு, உடைமையாளர், துரை என யாவற்றையும் ஆண்டுதோறும் நிரற்படுத்தித் தந்தது. 1881 முதல் 'வெப்பவலய விவசாயி' எனப் பொருள்படும் மாத இதழொன்றையும் ஜோன் பேர்குசன் நடத்தினார். வணிகர் 1846இல் தொடங்கிய மற்றைய பெரிய பத்திரிகை, பின்னாளில் 'ரைம்ஸ் ஒவ் சிலோன்' என வழங்கலாயிற்று. ஐரோப்பிய வர்த்தகரதும் துரைமாரதும் குரலாகவே அது நெடுங்காலம் விளங்கிற்று. இலண்டன் மின்சிங் சந்தில் தேயிலை என்ன விலை போயிற்று, மழை எவ்வளவு பெய்தது, தொழிலாளர் வரத்து எப்படியிருக்கிறது என்பவை இத்தகைய பத்திரிகைகளின் அன்றாட அக்கறைகள். மழைக்கும் மனிதருக்கும் அவை ஒரே இலக்கணத்தையே கைக்கொண்டன எனலாம். இரண்டும் 'போதியது' அல்லது 'போதாது'.

கோப்பி போய்த் தேயிலை வந்தமை இந்நிலையை மாற்றியிருக்க வேண்டும். ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளிற் கோப்பியை அழித்தது. கோப்பி பருவப் பயிர். பறிப்புக்கு வந்தவர் ஊர் திரும்பலாம். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. பிள்ளைகள் அங்கேயே பிறந்தன. வந்துபோகும் தொகையாயிருந்தோர் ஒரு சமூகமாயினர். ஆங்கிலப் பத்திரிகைகளின் மொழியோ கோப்பிக் காலத்து மொழியாகவே இருந்தது. தலைமுறை கடந்தும் அவர்கள் 'வரத்து'த்தான்.

இந்தியாவில் சுதேச மொழிப் பத்திரிகைகளுக்கு அஞ்சிய ஆட்சி, 1878இல் அவற்றை அடக்கவென்றே ஒரு சட்டம் செய்தது. மலைநாட்டுத் தோட்டங்களைப் பொறுத்தமட்டில் அத்தகைய சட்டத்துக்கே தேவை எழவில்லை. அங்கு வேலை செய்தது அத்துமீறல் சட்டம். தோட்டம் தனியார் நிலம். பாதையும் தனியார் பாதை. துரையின் அனுமதியின்றி உள்ளே கால்வைத்த எவரையும் நீதிமன்றுக்கு இழுக்கலாம். அச்சுக்கூடத்தைப் பூட்டுவதினும் வாயிலைப் பூட்டுவது எளிது, செலவும் குறைவு. காலனித்துவத் தணிக்கை பற்றிய ஆய்வுகள் அச்சுக்கூடத்தையே சுற்றிச் சுற்றி வருவதால், வழியை அடைப்பதும் தணிக்கையே என்பது போதிய கவனம் பெறவில்லை.

தோட்டத் தொழிலாளி அறிந்த முதற் காகிதம் பத்திரிகையன்று, 'துண்டு'. அவன் கங்காணிக்குப் பட்ட கடன் எவ்வளவு என்பதையும், அதனைத் தீர்ப்பவரிடம் அவனை விடுவிக்க இணக்கம் என்பதையும் எழுதிய சீட்டு அது. துண்டோடு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு அவன் கடனும் கைமாறிற்று; கடனோடு அவனும் கைமாறினான். துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவனாற் படிக்க முடியாது. தனக்குப் புரியாத எழுத்துத் தன் வாழ்வைத் தீர்மானிக்கும் என்ற பாடத்தையே எழுத்து அவனுக்கு முதலிற் கற்பித்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதே காலப்பகுதியிலேதான் வேறொரு காகிதம் மலையேறத் தொடங்கியது.

தஞ்சாவூரைச் சேர்ந்த கோ. நடேசய்யர் இலங்கைக்கு முதன்முதல் வந்தது வர்த்தகர் சங்கத் தொடர்பால் என்பர். தோட்டங்களைக் காண விரும்பியவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. புடவை விற்பவர் போலத் துணிமூட்டையோடு லயங்களுக்குள் நுழைந்து அங்குள்ள நிலையைக் கண்டறிந்தார் என்பது அவர் வரலாற்றில் மீண்டும் மீண்டும் சொல்லப்படும் செய்தி. இது வீரக்கதைக்குரிய அழகு பெற்றுவிட்டமையால் அதன் உட்பொருள் சற்று மறைந்துபோயிற்று. துணிமூட்டைக்குத் திறந்த வாயில் கேள்விக்குத் திறக்கவில்லை என்பதுதான் அது. 1920களின் தொடக்கத்தில் கொழும்பிற் குடியேறிய அவர், வைத்தியர் ஈ. வி. இரத்தினம் முதலியோருடன் சேர்ந்து 'தேசநேசன்' பத்திரிகையை நடத்தினார். 1924இல் 'தேசபக்த'னைத் தொடங்கினார். ஆங்கிலத்திலும் 'சிற்றிசன்', 'போவர்ட்' ஆகியவற்றை வெளியிட்டார். 1925இல் நிகழ்ந்த இடைத்தேர்தலில் இந்தியர் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்கும் சென்றார். அவர் தொடங்கிய தாள்களின் வரிசை நீண்டது. பெரும்பாலானவை நெடுங்காலம் நிலைக்கவில்லை. பொறுமை அவருடைய சிறப்பியல்பு என்று சொல்வதற்கில்லை.

'தேசபக்த'னின் முதன்மை அதன் ஆவேசத்தில் தங்கியதன்று. ஆவேசமான தாள்கள் அக்காலத்திற் பல இருந்தன. துண்டு, தலைக்காசு, பென்சுக்காசு, பற்றுச்சீட்டு, பிரட்டு என்று தோட்டத்தில் நாள்தோறும் புழங்கிய சொற்களால் எழுதினாலன்றி அது எடுத்துக்கொண்ட விடயங்களை எழுத முடியாது. ஒவ்வொரு தொழிலாளியும் வேலைக்கு வந்த நாளுக்கென்று கங்காணிக்குக் கிடைத்த கொடுப்பனவே பென்சுக்காசு. துரையின் கணக்குப் புத்தகத்தில் அது ஒரு செலவு. தொழிலாளிக்கோ, காய்ச்சலோடு கிடந்தாலும் விடியற்காலையிற் கங்காணி கதவைத் தட்டுவதன் காரணம். அச்சொல்லைப் பொதுவில் வைத்துப் பேசியபோது, கொழும்பின் ஆங்கிலத் தாள்களில் இடமே பெறாத ஓர் உறவு வெளிச்சத்துக்கு வந்தது. பதற்றம் வேலைநிறுத்தமாக வெடிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே சொற்களிற் குடிகொண்டுவிட்டது என்பதை உணர்வதற்கு இத்தாளே வழி.

எழுத்தறிந்தவர் மிகச் சிலராயிருந்த லயங்களிற் பத்திரிகை என்பது கண்ணுக்குரியதாக மட்டும் இருந்திருக்க இயலாது. ஒருவர் படிக்கப் பலர் கேட்பது அக்காலத் தமிழர் வாழ்வில் எங்கும் காணப்பட்ட வழக்கு. இதனை நன்கறிந்தவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை. அவர் பத்திரிகைப் பணியிற் பங்கு கொண்டதோடு, கூட்ட மேடைகளிற் பாடவும் செய்தார். தொழிலாளர் நிலையைப் பாடல்களாக்கிச் சிறுநூலாகவும் வெளியிட்டார். தலையங்கம் நுழைய முடியாத தோட்டத்துக்குள் பாட்டு நுழைந்தது. பாடலுக்கு எதிராக அத்துமீறல் வழக்குத் தொடர முடியாதல்லவா? இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றை எழுதுவோர் அவரைக் கணவரின் நிழலில் ஒரு வரியோடு முடித்துவிடுவது நியாயமாகாது.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1929இல் நடைமுறைக்கு வந்தபோது, உயர்மலைத் தோட்டங்களில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. கொழுந்து பறித்தவர் பெரும்பாலும் பெண்களே என்பது குறிப்பிடத்தக்கது. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை சரிந்ததும் இக்கூலியும் குறைக்கப்பட்டது. 1931 ஜனவரியில் ஹற்றனில் நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடக்கினார். கொழும்பிலிருந்து மலைக்குக் குரல் கொடுத்தவர், மலையிலிருந்தே குரல் எழுப்பத் தொடங்கியமை இதனாலாயிற்று. 1930இல் 'வீரகேசரி'யும் 1932இல் 'தினகர'னும் தோன்றின. தமிழ் நாளேடுகளின் பரப்பு விரிந்தது. அவற்றின் வாசகர் வட்டம் பெரிது, நோக்கமும் பரந்தது. தோட்டம் அவற்றிற்குப் பல செய்திகளுள் ஒன்று.

இதுவரை கூறியதைக் கொண்டு, ஒருபுறம் துரைமாரின் தாள்கள், மறுபுறம் தொழிலாளரின் தாள் என்று கோடு கிழித்துவிட்டால் வேலை எளிதாகிவிடும். உண்மை அவ்வளவு எளிதன்று. நடேசய்யர் கொழும்பிற் பணியாற்றத் தொடங்கிய காலத்தில் ஏ. ஈ. குணசிங்கவுடன் தோளோடு தோள் நின்றார். குணசிங்கவின் தொழிற்சங்கத்திற் சிங்களவரும் இந்தியரும் ஒன்றாகவே இருந்தனர். 1920களின் முடிவில் இருவரும் பிரிந்தனர். வேலை அருகிய மந்த காலத்தில், குணசிங்க நடத்திய 'வீரய' என்னும் சிங்களப் பத்திரிகை இந்தியத் தொழிலாளருக்கு, சிறப்பாக மலையாளிகளுக்கு, எதிரான பரப்புரையில் முனைந்தது. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையேயான பதற்றத்தைப் பேசப் பிறந்த பத்திரிகைகளே தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையேயான பதற்றத்துக்கு மொழி வழங்கின. 1931ஆம் ஆண்டுச் சர்வசன வாக்குரிமையின் கீழ் ஏறக்குறைய ஓர் இலட்சம் இந்தியர் வாக்காளராயினர். அந்த எண் சிங்கள அரசியலின் அச்சமாகவும் மாறியது. 1840களிற் சாவின் தொகையாகவும், பின்பு வரத்தின் தொகையாகவும் எழுதப்பட்டவர்கள் இப்போது வாக்கின் தொகையாயினர். சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டுகளிற் பத்திரிகைகள் காட்டிய பதற்றங்களுள் மிக நீண்ட ஆயுள் பெற்றது இதுவே. ஆங்கிலேயர் போன பின்னரும் அது போகவில்லை.

1937ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மலைநாடு எல்லாப் பத்திரிகைகளின் முகப்புக்கும் வந்தது. மார்க் அன்ரனி பிறேஸ்கேடில் என்னும் இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து மடுல்கலையில் உள்ள ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்தவர். தொழிலாளரோடு நெருங்கியதால் வேலை இழந்து லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் கமலாதேவி சட்டோபாத்யாய கலந்துகொண்ட கூட்டத்தில் வெள்ளைத் துரைமாரின் குற்றங்களை வெள்ளையர் ஒருவரே மேடையேறிச் சொன்னார். திரண்டிருந்த தொழிலாளர் ஆரவாரித்தனர். தேசாதிபதி ஸ்ரப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார், அவர் தலைமறைவானார், மே மாதம் காலிமுகத் திடற் கூட்டத்தில் தோன்றினார், அதே மாதம் உயர் நீதிமன்றம் ஆணை செல்லாது எனத் தீர்த்தது. இந்நாடகம் முழுவதும் கொழும்பில் நடந்தது. வாதம் தேசாதிபதியின் அதிகாரம் பற்றியதாயிற்று. நாவலப்பிட்டி மேடையில் அவர் சொல்ல வந்தது என்ன என்ற கேள்வி வழியில் எங்கோ விடுபட்டுப் போயிற்று.

மூன்று ஆண்டுகள் கழித்து அதுவே இன்னும் கசப்பான முறையில் நிகழ்ந்தது. ஹேவாஹெட்டவில் உள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, 1940 ஜனவரி 10ஆம் திகதி கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். விசாரணைக் குழு அமைந்தது, கொல்வின் ஆர். டி சில்வா அதன் முன் வாதிட்டார். இதற்கிடையில், வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்குகளை ஒத்திவைக்குமாறு உள்நாட்டமைச்சர் டி. பி. ஜயதிலக்க விடுத்த பணிப்பைப் பொலிஸ் மா அதிபர் ஏற்க மறுத்தார். தேசாதிபதி கல்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். பெப்ரவரியில் அமைச்சர்கள் பதவி துறந்தனர். அமைச்சரா தேசாதிபதியா, இந்நாட்டிற் கட்டளையிட வல்லவர் யார் என்ற அரசியலமைப்புப் பிணக்கு முன்னணிக்கு வந்தது. இன்றும் வரலாற்று நூல்களில் முல்லோயா இடம்பெறுவது பெரும்பாலும் அந்த அத்தியாயத்தின் ஓர் உபதலைப்பாகத்தான். அப்பிணக்கு முக்கியமற்றது என்பது கருத்தன்று; சுயாட்சியை நோக்கிய பாதையில் அது ஒரு படியே. ஆனால் மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கும் வழியிற் செய்தி தன் உரிமையாளனை இழந்துவிடுகிறது. 1848இல் அது வரியாக இறங்கியது. 1937இல் தேசாதிபதியின் அதிகாரமாக. 1940இல் அமைச்சரின் அதிகாரமாக. ஒரு லயத்தில் ஒரு பெண் விதவையானாள் என்ற செய்தியாக அது கொழும்பிற் போதிய நாள் தங்கவில்லை.

அவ்வாண்டு மே மாதம் ஊவாவில் வெவெஸ்ஸத் தோட்டத்திலும் கிளர்ச்சி பரவியது. ஜூன் மாதம் போர்க்காலச் சட்டங்களின் கீழ்ச் சமசமாஜத் தலைவர்கள் சிறைப்பட்டனர். ஜூலையில் துரைமார் தரப்பும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கையொன்றைச் செய்துகொண்டன. தொழிற்சங்கம் என்பது அத்துமீறலன்று என்பதைத் தோட்டம் ஓரளவு ஒப்புக்கொண்டது அப்போதுதான். அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1939 ஜூலையில், நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாகியிருந்தது. நடேசய்யர் 1936 முதல் அரசாங்க சபையில் ஹற்றன் பிரதிநிதியாக இருந்தும், புதிய காங்கிரசின் அலை அவரைக் கடந்து சென்றது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அக்காங்கிரசின் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமானும், தலவாக்கொல்லையிலிருந்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். நடேசய்யருக்கு அந்நாடாளுமன்றில் இடம் கிடைக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார். 1948 பெப்ரவரி 4ஆம் திகதி போரின்றியே சுதந்திரம் வந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வெழுவரின் இடத்துக்குக் காங்கிரசிலிருந்து ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. அவ்வாண்டு அவர்கள் தாமே மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கி வந்து, பிரதமரின் அலுவலக வாசலில் மாதக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தனர்.